காண்பார் கடமை

பசிபிக் மாகடலின் தென்மேற்கே, வடதீவு, தென்தீவு என்னும் இரு பெருந்தீவுகளையும், அவற்றைச் சூழ்ந்த சிறு தீவுகள் பலவற்றையும் கொண்டு விளங்கும் நாடு நியூசிலாந்து. பனி மூடிய மலைகளும், பசும்புல் பரந்த மேய்ச்சல் நிலங்களும், வளைந்து வளைந்து உள்ளே புகும் கடற்கழிகளும் அந்நாட்டின் இயற்கைச் செல்வங்கள். அங்கு வாழும் மக்கள் ஏறக்குறைய ஐம்பது இலட்சத்தினரே. எனினும், விளையாட்டுத் துறையில் அச்சிறு நாடு எய்தியுள்ள புகழ், மக்கள் தொகை மிகுந்த பெருநாடுகளும் விரும்பத் தக்கது.

அந்நாட்டு விளையாட்டு ஆர்வலர் ஒருவரைக் கண்டு, அவர் உள்ளம் கவர்ந்தவை யாவை என வினவினால், ரக்பி ஆட்டம், குதிரைப் பந்தயம், பாய்மரப் படகோட்டம் ஆகிய மூன்றனுள் ஒன்றையேனும் கூறாமல் இரார். முதலாவது மனிதன் தன் உடல் வலிமையையும் தோழமையையும் நம்பி ஆடுவது. இரண்டாவது விலங்கின் விரைவை நம்பி நிகழ்வது. மூன்றாவது காற்றின் போக்கை அறிந்து நடத்துவது. மூன்றும் தம்முள் வேறுபட்டவை. ஆயினும் மூன்றற்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. ஆட்டம் ஆடுவோரால் மட்டும் சிறப்பதன்று. அதனைக் காண்போரின் பண்பாலும் சிறக்கும். அவர் பண்பு குன்றினால் ஆட்டமும் இழிவுறும். இவ்வுண்மையை அம்மூன்று விளையாட்டுகளின் வரலாறும் நன்கு புலப்படுத்தும்.

ரக்பி ஆட்டம்

ரக்பி என்பது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊர். அவ்வூர்ப் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற பந்தாட்டமே ஊர்ப்பெயரால் வழங்கலாயிற்று. இங்கிலாந்து சென்று பயின்று திரும்பிய சார்லஸ் மன்றோ என்னும் இளைஞர், 1870ஆம் ஆண்டில் தென்தீவிலுள்ள நெல்சன் நகரில் இவ்வாட்டத்தை அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டு மே மாதம் 14ஆம் நாள், நெல்சன் கல்லூரி மாணவர்க்கும் நகரக் கழகத்தார்க்கும் நிகழ்ந்த போட்டியே நியூசிலாந்தின் முதல் ரக்பிப் போட்டியாகப் போற்றப்படுகிறது.

இவ்வாட்டத்தின் அமைப்பு எளிதில் விளங்குவதே. அணிக்குப் பதினைவர் ஆடுவர். பந்து உருண்டையாக இராது. முட்டை போல் நீண்டிருக்கும். நாற்பது நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். காலால் முன்னோக்கி உதைக்கலாம். ஆனால் கையால் முன்னே எறிதல் கூடாது. பக்கத்திலோ பின்னேயோ வரும் தோழனுக்கே எறிதல் வேண்டும். எனவே, பந்தை ஏந்தியவன் தானே எதிரிகளின் நடுவே முன் செல்லுதல் வேண்டும். ஏனையோர் அவனைக் கைவிடாது பின்தொடர்தல் வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் ஊன்றினால் இன்று ஐந்து புள்ளிகள் கிடைக்கும். முற்காலத்தில் அதற்கு மூன்று புள்ளிகளே வழங்கப்பெற்றன.

நியூசிலாந்து அணியினர் கரிய உடை அணிந்து ஆடுவதால் 'ஆல் பிளாக்ஸ்' என வழங்கப்படுகின்றனர். போட்டியின் தொடக்கத்தில் அவர்கள் வரிசையாக நின்று, நிலம் அதிரக் காலால் மிதித்தும், தொடையிலும் மார்பிலும் தட்டியும், முழங்கியும் 'ஹாக்கா' என்னும் ஆடலை நிகழ்த்துவர். இது அந்நாட்டின் தொல்குடியினராகிய மாவோரி மக்களின் வழக்கம். அவ்வணியினர் நெடுங்காலமாக ஆடிவரும் ஹாக்காவை இயற்றியவர், தே ரௌபராகா என்னும் மாவோரித் தலைவர். பகைவர் துரத்த, உணவு சேமிக்கும் குழியொன்றில் ஒளிந்து உயிர் தப்பிய மகிழ்ச்சியில் அவர் அதனைப் பாடினார் என்பது வரலாறு.

1905ஆம் ஆண்டில் ஆல் பிளாக்ஸ் அணியினர் கடல் கடந்து பிரித்தானியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். ஆடிய 35 போட்டிகளுள் 34இல் வென்றனர். தோற்றது ஒன்றே. அது டிசம்பர் 16ஆம் நாள் கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியோடு ஆடியது. அதில் வேல்ஸ் மூன்று புள்ளிகள் பெற்றது. நியூசிலாந்து புள்ளி ஏதும் பெறவில்லை. அப்போட்டியில் பாப் டீன்ஸ் என்னும் நியூசிலாந்து வீரர், தாம் கோட்டைக் கடந்து பந்தை ஊன்றியதாகவும், அதன் பின்னரே எதிரிகள் தம்மைப் பின்னுக்கு இழுத்ததாகவும் கூறினார். வேல்ஸ் வீரர்கள் அதனை மறுத்தனர். நடுவர் புள்ளி வழங்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இருநாட்டு ஆர்வலரும் அது குறித்து வாதிடுவதை விட்டாரல்லர். ஆனால், நியூசிலாந்து அணித்தலைவர் டேவ் காலகர், சிறந்த அணியே வென்றது என அன்றே ஒப்புக்கொண்டார். தோற்றவர் நடுவர்மீது பழி கூறாது வென்றவரைப் பாராட்டுதல் எத்துணைப் பெருந்தன்மை!

ஆயினும், ரக்பி ஆட்டத்தின் வரலாறு முழுதும் பெருமைக்குரியதன்று. 1924, 1925ஆம் ஆண்டுகளில் பிரித்தானியா, பிரான்சு, கனடா ஆகிய நாடுகளில் ஆடிய நியூசிலாந்து அணி, 32 போட்டிகளிலும் வென்று 'வெல்லற்கரியார்' எனப் புகழ் பெற்றது. அத்தனை போட்டிகளிலும் இளைப்பாறாது ஆடியவர் ஜார்ஜ் நேப்பியா என்னும் மாவோரி இளைஞர். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. இத்தகைய வீரர், 1928ஆம் ஆண்டில் அணி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றபொழுது அழைத்துச் செல்லப்படவில்லை. அவர் ஆற்றல் குறைந்ததோ? இல்லை. அவர் செய்த பிழை, மாவோரிக் குடியிற் பிறந்தமையே! அந்நாளில் தென்னாப்பிரிக்காவை ஆண்டவர்கள் வெள்ளையரல்லாதாரைத் தம் வெள்ளை வீரரோடு சமமாக ஆடவிட விரும்பவில்லை. நியூசிலாந்து ஆட்டக் கழகத்தாரும் அதற்கு இணங்கினர்.

இந்த அநீதியை உணர்ந்து முதலில் குரல் எழுப்பியவர்களுள் ஆட்டத்தைக் காணும் பொதுமக்களும் இருந்தனர் என்பது கருதற்பாலது. 1960ஆம் ஆண்டிலும் மாவோரி வீரர்களை நீக்கி அணி அனுப்ப முற்பட்டபொழுது, 'மாவோரியர் செல்லாவிடில் அணியும் செல்லற்க' என வேண்டி ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவர்தம் வேண்டுகோள் அன்று ஏற்கப்படவில்லை. எனினும் அது வீண்போகவும் இல்லை. 1967ஆம் ஆண்டில், மாவோரியரை ஏற்கத் தென்னாப்பிரிக்கா மறுத்ததால் பயணமே கைவிடப்பட்டது. 1981ஆம் ஆண்டில், நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவின் அணி நியூசிலாந்துக்கு வந்தபொழுது, நாடே இருபிளவுபட்டது. ஆட்டம் வேறு, அரசியல் வேறு என்றனர் ஒரு சாரார். நீதியை மறந்த ஆட்டம் ஆட்டமன்று என்றனர் மற்றொரு சாரார். ஜூலை 25ஆம் நாள், ஹாமில்டன் நகரில், எதிர்ப்பாளர் வேலியைத் தகர்த்து ஆடுகளத்தின் நடுவே கைகோத்து நின்றனர். காண வந்தோர் பலர் சினந்து அவர்மீது பொருள்களை எறிந்தனர், ஆயினும் அவர் அசையவில்லை, போட்டி கைவிடப்பட்டது.

காலம் மாறியது. நிறவெறி ஆட்சி ஒழிந்து, நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்காவின் தலைவரானார். 1995ஆம் ஆண்டு, ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், தென்னாப்பிரிக்கா 15, நியூசிலாந்து 12 எனப் புள்ளிகள் அமைய, நியூசிலாந்து தோற்றது. தம் நாட்டு அணியின் பச்சை உடையை அணிந்து மண்டேலா கோப்பையை வழங்கினார். தம் அணி தோற்றமைக்கு நியூசிலாந்து ஆர்வலர் வருந்தினர். ஆனால், அந்த நாள் வருவதற்கு வேண்டிய முயற்சியில் தம் நாட்டாருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என எண்ணி, நல்லோர் தம்முள்ளே ஆறுதல் அடைந்திருத்தல் கூடும்.

குதிரைப் பந்தயம்

நியூசிலாந்தின் புல்வெளிகள் குதிரை வளர்ப்புக்கு ஏற்றவை. அங்குப் பிறந்த குதிரைகளுள் புகழ் மிக்கது 'பார்லாப்' என்பது. தென்தீவில் திமாரு நகரை அடுத்த சிற்றூரில் 1926ஆம் ஆண்டு அது பிறந்தது. பார்லாப் என்பது மின்னலைக் குறிக்கும் ஆசியச் சொல். ஹாரி டெல்ஃபோர்டு என்னும் பயிற்சியாளர், டேவிஸ் என்னும் வணிகருக்காக அதனை 160 கினி விலைக்கு வாங்குவித்தார். ஒரு கினி என்பது ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும் ஆகும். மெலிந்து, நெடிதாய், முகத்தில் மருக்கள் நிறைந்து காணப்பட்ட அக்குதிரையைக் கண்ட டேவிஸ், அதன் பயிற்சிக்குப் பணம் தர மறுத்துவிட்டார். டெல்ஃபோர்டு மனம் தளராமல் அதனைக் குத்தகைக்குப் பெற்றுத் தாமே பழக்கினார். முதல் நான்கு பந்தயங்களிலும் அது தோற்றது. பின்னரோ, தன் வாழ்நாளில் ஓடிய 51 பந்தயங்களுள் 37இல் முதலிடம் பெற்றது.

அக்காலத்தில் உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியிருந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேலையிழந்து வாடிய எளிய மக்கள், எவராலும் மதிக்கப்படாதிருந்து முன்னுக்கு வந்த அக்குதிரையைத் தம்முள் ஒருவனாகவே கருதி அன்பு செலுத்தினர். ஆனால், எல்லோரும் அவ்வாறு அன்பு செலுத்தினாரல்லர்.

குதிரைப் பந்தயத்தோடு பணயம் வைக்கும் வழக்கமும் பின்னிப் பிணைந்தது. தரகரிடம் பணயம் வைத்தால், மக்கள் பெரிதும் விரும்பிய குதிரை வெல்லுங்கால், தரகர் தம் கைப்பொருளை இழப்பர். ஆகவே, ஒரு குதிரை தோற்பதால் ஊதியம் பெறுவோர் சிலர் இருப்பது இயல்பாயிற்று. இக்கேட்டினை எண்ணியே நியூசிலாந்து அரசு 1910ஆம் ஆண்டுச் சட்டத்தால் பந்தயத் தரகர்களை விலக்கியது. 1913ஆம் ஆண்டில், ஆக்லாந்து நகரின் எல்லர்ஸ்லி பந்தய வெளியில், ஜார்ஜ் ஜூலியஸ் என்பார் அமைத்த பெரியதோர் கணக்கிடு பொறி நிறுவப்பட்டது. அங்கு மக்கள் இட்ட பணம் முழுதும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, செலவும் வரியும் போக எஞ்சியது வென்றவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எனவே, எக்குதிரை வென்றாலும் நடத்துவோருக்கு இழப்பில்லை. பொறி தீமையின் ஒரு கூற்றைக் குறைத்ததே யன்றி, சூதினால் குடி கெடுவதைத் தடுக்கவில்லை என்பதும் உணரத்தக்கது.

ஆஸ்திரேலியாவில் தரகர் தொழில் தடையின்றி நடந்துவந்தது. அந்நாட்டின் தலைசிறந்த பந்தயமாகிய மெல்போர்ன் கோப்பை, நவம்பர் மாத முதற் செவ்வாய்க்கிழமையில் நடைபெறுவது. 1930ஆம் ஆண்டில் பார்லாப்பின் வெற்றி உறுதி என மக்கள் பெரும்பணம் வைத்தனர். பந்தயத்துக்கு மூன்று நாட்கள் முன்னர், விடியற்காலைப் பயிற்சி முடிந்து திரும்பிய அக்குதிரையை நோக்கி, காரில் வந்த சிலர் துப்பாக்கியால் சுட்டனர். உடன் சென்ற பணியாளர் டாமி உட்காக், தாம் ஏறியிருந்த சிறு குதிரையைக் குறுக்கே செலுத்திப் பார்லாப்பை மறைத்தார். குறி தவறியது. சுட்டவர் இன்னார் என்பது தெளியப்படவில்லை. ஒன்றும் அறியாத விலங்கு அன்று மாலையே ஒரு பந்தயத்தில் வென்றது; செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கோப்பையையும் வென்றது; அவ்வாரத்திலேயே மேலும் இரண்டு பந்தயங்களில் வென்றது. எட்டு நாட்களில் நான்கு வெற்றிகள்!

பந்தயங்களில், வலிய குதிரைக்கு மிகுந்த சுமையும், மெலிய குதிரைக்குக் குறைந்த சுமையும் வைத்து ஓடவிடும் முறையொன்று உண்டு. 1931ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பையில் பார்லாப் 68 கிலோகிராம் சுமை தாங்கி ஓடி, எட்டாவதாக வந்தது. மறு ஆண்டு மார்ச்சு மாதம் மெக்சிகோ நாட்டுக்குச் சென்று அங்கும் வாகை சூடியது. ஆனால், ஏப்ரல் 5ஆம் நாள், கலிபோர்னியாவில், திடீரென நோயுற்று, உட்காக் அருகிருந்து தேற்றவும் பயனின்றி உயிர் நீத்தது. அதன் மயிரைப் பிற்காலத்தில் ஆராய்ந்த அறிஞர் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருந்ததைக் கண்டனர். அது பகைவர் இட்டதா, அக்கால மருந்துகளில் கலந்திருந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

பார்லாப்பின் தோல் மெல்போர்ன் காட்சிச்சாலையிலும், எலும்புக்கூடு நியூசிலாந்தின் தலைநகராகிய வெலிங்டனிலும், இதயம் ஆஸ்திரேலியத் தலைநகராகிய கான்பெராவிலும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பணயப் பொருளாக அதனை நோக்கியவர் துப்பாக்கி ஏந்தினர். அன்பினால் நோக்கியவர் தம் உயிரையும் பொருட்படுத்தாது அதனைக் காத்தனர். ஒரே குதிரையைக் கண்ட இருவகைக் கண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு எத்துணைப் பெரிது!

பாய்மரப் படகோட்டம்

நியூசிலாந்தில் எந்த ஊரும் கடலிலிருந்து 130 கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை. மாவோரியரின் முன்னோர், ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் வழிகாட்டியாகக் கொண்டு, பாய்மரத் தோணிகளில் அந்நாட்டை அடைந்தவர். ஆகவே படகோட்டம் அம்மண்ணில் மிகப் பழைமையானது. ஆக்லாந்து நகர்க்குப் 'பாய்களின் நகரம்' என்றே பெயர் வழங்குகிறது.

காற்றின் உதவியால் செல்லும் படகு, காற்று வரும் திசையை நோக்கி எவ்வாறு செல்லும் என்னும் ஐயம் எழலாம். காற்றுக்கு நேர் எதிரே எப்படகும் செல்லாது. ஆயின், பக்கவாட்டில் சாய்வாகச் செல்லும். வளைந்து விரிந்த பாயின் மீது காற்று தவழ்ந்து செல்லும்பொழுது, பறவையின் சிறகில் எழுவது போன்றதோர் இழுவிசை பாயில் எழுகிறது. அவ்விசை படகைப் பக்கவாட்டிலும் முன்னும் தள்ள முயலும். படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் பலகை, பக்கவாட்டுப் போக்கைத் தடுக்கும். எஞ்சிய விசை படகை முன்னே செலுத்தும். இவ்வாறு ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக மாறி மாறிச் சென்று, படகோட்டிகள் எதிர்க்காற்றிலும் கரை சேர்வர். நேரே செல்ல இயலாத இடத்தில் முயற்சியைக் கைவிடாது, வளைந்து சென்றேனும் குறிக்கோளை அடையும் கலை இது.

படகோட்டப் பரிசுகளுள் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று, 1851ஆம் ஆண்டில் தொடங்கிய 'அமெரிக்கா கோப்பை'. 1995ஆம் ஆண்டில் பீட்டர் பிளேக் என்பாரின் தலைமையில் சென்ற நியூசிலாந்து அணி, சான் டியாகோ நகரின் கடற்பரப்பில் ஐந்து ஓட்டங்களிலும் வென்று அதனைக் கைப்பற்றியது. பிளேக் நன்னிமித்தமாகக் கருதிச் சிவந்த காலுறை அணியும் வழக்கமுடையவர். அணியின் செலவுக்கு உதவும் பொருட்டுச் சிவப்புக் காலுறைகள் நாடெங்கும் விற்கப்பட்டன. முதியோரும் சிறாரும் அவற்றை வாங்கி அணிந்தனர். கடலுக்கு அப்பால் ஓடிய படகில் தாமும் ஏறியிருப்பதாகவே அவர்கள் உணர்ந்தனர்.

அவ்வன்பு உரைத்துப் பார்க்கப்பட்ட காலமும் வந்தது. 2003ஆம் ஆண்டில் கோப்பை கைநழுவியது. 2013ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோ நகரில், முதலில் ஒன்பது வெற்றி காண்பவருக்கே கோப்பை என்ற நிலையில், நியூசிலாந்து அணி எட்டு வெற்றிகளைப் பெற்றுவிட்டது. எதிரணியின் கணக்கில் இருந்ததோ ஒன்றே. இன்னும் ஒரே ஒரு வெற்றி வேண்டும். ஓர் ஓட்டத்தில் நியூசிலாந்துப் படகு முன்னணியில் சென்றது. ஆயினும் காற்று தளர்ந்தது. குறித்த 40 நிமிடங்களுக்குள் எல்லையை எட்ட இயலாமையால் அவ்வோட்டம் செல்லாததாயிற்று. அதன்பின் எதிரணி தொடர்ந்து வென்று, ஒன்பதுக்கு எட்டு என்னும் கணக்கில் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போயிற்று. ஆயினும், தோற்றுத் திரும்பிய வீரர்களை ஆக்லாந்து மக்கள் இகழ்ந்தாரல்லர். திரண்டு வந்து வரவேற்றனர்.

வீரர்களும் சோர்ந்துவிடவில்லை. தோல்விக்குக் காரணம் ஆராய்ந்தனர், புதுமைகள் கண்டனர். 2017ஆம் ஆண்டில் பெர்முடாத் தீவில் அவர்கள் கொணர்ந்த படகில், பாய்களை இயக்கும் ஆற்றலைக் கைகளால் சுழற்றிப் பெறாமல், மிதிவண்டி போல் கால்களால் மிதித்துப் பெற்றனர். கால்கள் கைகளினும் வலியவை அல்லவா? 26 வயதினரான பீட்டர் பர்லிங் சுக்கான் பிடிக்க, ஏழுக்கு ஒன்று என்னும் கணக்கில் கோப்பையை மீட்டனர். பின்னர் 2021ஆம் ஆண்டில் ஆக்லாந்திலும், 2024ஆம் ஆண்டில் பார்சலோனாவிலும் வென்று அதனைக் காத்துக்கொண்டனர்.

முடிவுரை

இம்மூன்று விளையாட்டுகளையும் ஒருங்கு நோக்கினால், காண்பார்க்கு உரிய கடமைகள் மூன்று எனத் துணியலாம். தகுதியுடையவர்க்குப் பிறப்புக் காரணமாக இடம் மறுக்கப்படுமாயின், ஆட்டத்தின் இன்பத்தை இழந்தேனும் நீதியைக் கேட்டல் முதற் கடமை. ஆடும் மனிதரையும் ஓடும் விலங்கையும் பொருளீட்டும் கருவியாகக் கருதாது அன்பு பாராட்டல் இரண்டாவது கடமை. வென்றபோது உடன் மகிழ்ந்தவர், தோற்றபோதும் உடன் நிற்றல் மூன்றாவது கடமை.

களத்தில் இறங்கி ஆடும் பேறு சிலர்க்கே வாய்க்கும். கரையில் நின்று காணும் வாய்ப்போ எல்லோர்க்கும் உரியது. களத்தில் நிற்பவர்க்கு விதிகளை நினைவூட்ட நடுவர் இருக்கின்றார். கரையில் நிற்பவர்க்கு அவரவர் நெஞ்சமே நடுவர். அந்நடுவரின் தீர்ப்புக்கு அஞ்சி நடப்பவரே விளையாட்டை உண்மையாக விரும்புபவர் ஆவர்.